இரண்டு ஆட்டங்களின் கோபாலன்

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் இதுவரை ஆடியுள்ள ஒரே டெஸ்ட் 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் நடந்தது. அதற்கு 87 ஆண்டுகளுக்கு முன், 1934 ஜனவரியில், கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராகத் தம் ஒரே டெஸ்டை ஆடி ஒரு விக்கெட் எடுத்த எம். ஜே. கோபாலனும் வேகப்பந்து வீச்சாளரே.

செங்கற்பட்டு வட்டாரத்து மொறப்பாக்கத்தில் 1909-இல் பிறந்த கோபாலன் சென்னைத் திருவல்லிக்கேணியில் வளர்ந்தது அவருடைய வாழ்வைத் தீர்மானித்தது. அக்காலக் கிரிக்கெட் வெள்ளையர் மன்றங்களையும் அவற்றை எதிர்த்து ஆடிய நகரத்து இந்தியச் சங்கங்களையும் சுற்றியே இயங்கியதால், சேலம், நாமக்கல் பக்கத்து இளைஞன் தேர்வாளர் கண்ணில் படுவது அரிதாகவே இருந்திருக்கும். பர்மா ஷெல் எண்ணெய் நிறுவன அதிகாரியும் சென்னை அணி ஆட்டக்காரருமான சி. பி. ஜான்ஸ்டன் கோபாலனின் திறனைக் கண்டுகொண்டு அந்நிறுவனத்திலேயே வேலைக்கும் வழி செய்ததால், ஆட்டத்தோடு பிழைப்பும் அமைந்தது. (டென்னிஸ் பந்தில் பழகிய நடராஜனும் சென்னை லீக்கின் நான்காம் பிரிவில்தான் முதற்படி ஏறினார், 2010-களிலும் ஏணி சென்னையில்தான் சாத்தப்பட்டிருந்தது.)

மாகாண அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பைப் போட்டி 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் தொடங்கியபோது, அதன் முதல் பந்தை மைசூருக்கு எதிராக வீசியவர் கோபாலன். மைசூர் 48, 59 என்று இருமுறையும் சுருண்டதால் ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது; ஆயினும் அந்நாளின் நாயகர், 11 விக்கெட்டுகளைச் சாய்த்த சுழற்பந்து வீச்சாளர் ஏ. ஜி. ராம்சிங்தான்.

ஹாக்கியிலும் கோபாலன் சர்வதேச வீரர். 1935-இல் தியான்சந்த் தலைமையிலான இந்திய அணியோடு நியூசிலாந்து சென்றார். மறு ஆண்டு, பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கிக்கும் இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணத்துக்கும் இடையே ஒன்றைத் தேர வேண்டியிருந்தபோது, அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். ஹாக்கி அணி இறுதியாட்டத்தில் ஜெர்மனியை 8–1 என்று வென்று தங்கம் பெற்றது. இங்கிலாந்தில் கோபாலனுக்கோ ஒரு டெஸ்டிலும் இடம் கிடைக்கவில்லை. அந்தத் தெரிவைப் பிழை என்பது, முடிவு தெரிந்த பின் சொல்லும் சொல்.

1950-களின் தொடக்கம் முதல் சென்னையும் இலங்கையும் மோதிய ஆட்டத்துக்குக் கோபாலன் கோப்பை என்றே பெயர். 1981 வரை டெஸ்ட் தகுதி பெறாதிருந்த இலங்கைக்கு, வெளிநாட்டு அணியோடு தொடர்ந்து மோதக் கிடைத்த வாய்ப்புகளுள் அதுவும் ஒன்று. 1964-இல் பத்மஸ்ரீ பெற்ற அவர் 2003 டிசம்பரில் சென்னையில் காலமானபோது, உலகில் உயிரோடிருந்த டெஸ்ட் வீரர்களுள் மூத்தவராக இருந்தார்.