ஊர் சுற்றக் கிளம்பும் முன் சட்னியைக் கவனியுங்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கும் குடும்பங்களுக்கு வெளியே கிளம்ப வாரத்தில் ஒரு நாள் கிடைத்தால் பெரிது. அந்த ஒரு நாளுக்குள் காலையில் சிறுவாபுரி முருகன், மதியம் பழவேற்காட்டில் மீன் சாப்பாடு, திரும்பும்போது ஜிஎன்டி ரோட்டோரம் டீயும் பஜ்ஜியும் என்று திட்டம் போட்டுவிடுவார்கள். திருவள்ளூர்க்காரர்களுக்கு வீரராகவப் பெருமாள், பூண்டி ஏரி, திருத்தணி. மறுநாள் வீட்டில் யாருக்காவது வயிறு கலங்கினால் பழி நேராக 'அந்த ரோட்டுக்கடை' தலையில் விழும். பல சமயம் அது தப்பான தீர்ப்பு.

ஏசி இருந்தால் போதுமா?

கிருமிக்கு ஏசியும் தெரியாது, பெயர்ப்பலகையும் தெரியாது. ஈரமான உணவு, 5 டிகிரிக்கு மேல் 60 டிகிரிக்குக் கீழான வெப்பம், கொஞ்சம் அவகாசம் இவை கிடைத்தால் அது பெருகும். வெளியில் சாப்பிடும்போது பார்க்க வேண்டியது இரண்டுதான்: இது இப்போது ஆவி பறக்கிறதா? இல்லையென்றால், செய்து எவ்வளவு நேரமாயிற்று?

இந்தக் கணக்கில் ரோட்டுக்கடை இட்லி பல இடங்களில் முதல் மதிப்பெண் வாங்கும். கொப்பரையிலிருந்து நேரே இலைக்கு வருகிறது. கல்லிலிருந்து எடுத்த தோசையும், அடுப்பில் கொதித்துக்கொண்டே இருக்கும் சாம்பாரும், சால்னாவும் அப்படித்தான். சிக்கல் பக்கத்திலிருக்கும் தேங்காய்ச் சட்னியில். கொதிக்காத தண்ணீர் ஊற்றி, விடியற்காலையில் அரைத்து, பதினொரு மணி வரை அதே வாளியில் இருக்கும் சட்னியை விட்டுவிட்டு சாம்பார் மட்டும் கேளுங்கள். சிப்காட் பக்கம் பீகார், ஒடிசா தொழிலாளர்களுக்காக வந்த ரொட்டிக் கடைகளுக்கும் இதே விதி. தவாவிலிருந்து எடுத்த ரொட்டி, கொதிக்கும் பருப்பு தாராளமாகச் சாப்பிடலாம். காலையிலேயே நறுக்கி வைத்த வெங்காயம் வேண்டாம்.

ஷவர்மாவுக்கும் இந்தக் கணக்குதான். நாமக்கல்லில் 2023 செப்டம்பரில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தாள். ஷவர்மாவோடு வரும், பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது. ரோட்டுக்கடைதான் ஆபத்து என்று இன்னும் நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: 2021 டிசம்பரில் நம் திருவள்ளூர் மாவட்டத்தில், பூந்தமல்லி பக்கம், தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பிட்ட 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

பெரிய ஓட்டலில் பில்லைப் பார்க்கலாம். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் அதில் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் கட்டாயம். சின்னக் கடையில் கூட்டத்தைப் பார்த்தால் போதும். சட்டி சீக்கிரம் காலியாகும் கடையில் பழைய சரக்கு தங்காது.

கட்டுச்சோறு

வீட்டிலிருந்து கொண்டுபோனதில் தப்பு வராது என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறோம். விடிகாலை நான்கு மணிக்குக் கிளறிய வெஜிடபிள் பிரியாணியைச் சூடாகவே டப்பாவில் அடைத்து, காரின் பின்பக்கம் வைத்து, மதியம் ஒன்றரைக்குப் பூண்டி அணைக்கரையில் திறந்தால், அது ஒன்பதரை மணி நேரம் வெதுவெதுப்பில் இருந்த சோறு. சோற்றில் வளரும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமிக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அது விடும், வாந்தி வரவைக்கும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

நம் பாட்டிமார்கள் பயணத்துக்குப் புளிச்சோறு கட்டியது சும்மா இல்லை. புளியின் புளிப்பில் இந்தக் கிருமிகள் எளிதில் வளராது. எண்ணெயில் சுண்டக் காய்ச்சிய புளிக்காய்ச்சலில் தண்ணீரும் குறைவு. சோற்றை அகலமான தட்டில் ஆற்றிவிட்டுக் கலந்து கட்டினால் மதியம் வரை தாங்கும். முட்டை, கோழி, தேங்காய்ப்பால் சேர்த்தவற்றை ஐஸ் பெட்டி இல்லாமல் எடுத்துப் போக வேண்டாம்.

ஆடி மாதம் பெரியபாளையம் போகிறவர்கள் அங்கேயே கோழி அறுத்துச் சமைப்பார்கள். பொங்கிப் பொங்கி வேகும் குழம்பைப் பற்றிக் கவலை இல்லை. கோழி வெட்டிய அதே கத்தியில், அதே பலகையில் வெள்ளரிக்காய் நறுக்குவதுதான் வினை. ஒரு கத்தியும் ஒரு சோப்புத் துண்டும் கூடுதலாகப் பைக்குள் போடுங்கள்.

பழவேற்காட்டில்

டச்சுக் கல்லறையின் நுழைவாயிலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்த்துவிட்டு வந்தால் பசி எடுக்கும். குளிர்காலமென்றால் பூநாரையும் பார்க்கலாம். இறால், நண்டு, மடவை என்று ஏரி தரும் மீனை அங்கேயே சாப்பிடுவதுதான் அழகு. கண்ணெதிரே வறுக்கச் சொல்லுங்கள். காலையிலேயே வறுத்து அடுக்கியது வேண்டாம். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் சேரும். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலைவலியும் அரிப்பும் வரும். எவ்வளவு பொரித்தாலும் அந்த ஹிஸ்டமின் போகாது.

கரும்புச் சாற்றில் விழும் ஐஸ் எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். உண்ணத் தகாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2018-இல் சொல்லிவிட்டது. மீன் பெட்டி ஐஸ் எத்தனை இடத்தில் நீலமாக இருக்கிறது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஐஸ் இல்லாமல் சாறு வாங்குவது சுலபம்.

இன்னொன்றைச் சொல்லாமல் பழவேற்காட்டை எழுதக் கூடாது. 2011 கிறிஸ்துமஸ் அன்று உல்லாசமாக வந்த குடும்பங்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உயிர்க்கவசம் இல்லாத படகில் யார் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும், குழந்தை எவ்வளவு அடம்பிடித்தாலும் ஏறக் கூடாது. கரையிலிருந்து பார்த்தாலும் ஏரி ஏரிதான்.

வரிசையில் நிற்கும் அப்பா

செவ்வாய்க்கிழமை சிறுவாபுரியில் வீடு வேண்டி வரும் கூட்டத்தின் வரிசை நகர மணிக்கணக்காகும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டு, 'தரிசனம் முடிந்ததும் சாப்பிடலாம்' என்று நிற்பவருக்குச் சர்க்கரை இறங்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், சம்பந்தமில்லாத எரிச்சல் என்றால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரை. 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். விரதம் இருக்க விரும்பினால் மருந்தின் அளவை முதல் நாளே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

திருத்தணியில் 365 படி. முட்டிவலி, இதயக் கோளாறு உள்ளவர்களை வேண்டுதல் என்று சொல்லி வெயிலில் ஏற்றாதீர்கள், மேலே வரை வண்டி போகிறது. ஏறும்போது நெஞ்சு இறுகினால் அங்கேயே உட்கார வைத்து 108-ஐ அழையுங்கள்.

ஆரம்பித்துவிட்டால்

சாப்பிட்ட ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் பெரும்பாலும் நச்சு. ஒரு நாளில் அடங்கிவிடும். பயப்பட வேண்டியது உடம்பின் நீர் வற்றுவதற்குத்தான். கிளம்பும்போதே நான்கு ஓஆர்எஸ் பாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைக்க வேண்டும். அரை டம்ளரில் பாதிப் பொடி என்ற கைக்கணக்கு குழந்தைக்கு ஆபத்து. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் முடித்துவிட்டு, மீதியைக் கொட்டிவிடுங்கள். கடையில் ஓஆர்எஸ் என்ற பெயரில் வந்த இனிப்புப் பானங்கள் அது அல்ல. அந்தப் பெயரை அவற்றுக்கு வைக்கக் கூடாதென்று எஃப்எஸ்எஸ்ஏஐ 2025 அக்டோபரில் உத்தரவிட்டது.

இரண்டு வயதுக்குக் கீழ் என்றால் ஒவ்வொரு முறை பேதி போன பிறகும் 50 முதல் 100 மில்லி ஓஆர்எஸ் கரைசல், ஸ்பூனால். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம். மலத்தில் ரத்தம், கண் குழிவிழுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, எழுப்பினாலும் எழாத சோர்வு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலை வரை காத்திருக்காமல் பொன்னேரியோ, கும்மிடிப்பூண்டியோ, திருவள்ளூரோ, பக்கத்தில் எது இருக்கிறதோ அந்த அரசு மருத்துவமனைக்கு வண்டியைத் திருப்புங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு என்பதை வழியிலேயே குறித்து வையுங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.