ரோமா அரங்கும் இளையோர் கல்வியும்

ஐரோப்பிய நாடுகளிற் பரவி வாழும் ரோமா மக்களின் நாடக அரங்கு, அவர்தம் இளையோர்க்குக் கல்விக் கருவியாய்ப் பயன்படுமாற்றை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். 'ரோமா' என்னும் பெயர்க்கு உரோம் நகரத்தோடோ உருமேனியா நாட்டோடோ சொற்பிறப்பு வகையில் தொடர்பில்லை. அவர்தம் மொழியாகிய ரோமானியில் 'ரோம்' என்பது ஆடவனையும் கணவனையும் குறிக்கும்; அதன் பன்மையே 'ரோமா'. அம்மொழி இந்தோ-ஆரியக் குடும்பத்தது. நீரைப் 'பானி' என்றும் மூக்கை 'நக்' என்றும் அது வழங்குதல் இவ்வுறவைத் தெளிவாகக் காட்டும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன் வடமேற்கு இந்தியாவினின்று பெயர்ந்த இம்மக்களை எகிப்தியர் எனப் பிழையாகக் கருதியோர் இட்ட பெயரே 'ஜிப்சி' என்பது. இன்று இவருட் பெரும்பாலோர் ஓரிடத்தே நிலைத்து வாழ்வோர் ஆவர். ஆதலின், நாடோடிகள் என்னும் ஒரு சொல்லால் இவரைச் சுட்டி அமைதல் பொருந்தாது.

பிறர் வரைந்த உருவம்

ரோமா மக்கள் தம்மைத் தாமே அரங்கேற்றுதற்கு நெடுநாள் முன்னரே பிறர் அவர்களை எழுத்தில் வரைந்துவிட்டனர். செர்வாண்டிஸ் 1613-இல் வெளியிட்ட கதையொன்றின் தலைவி பிரெசியோசா. விக்டர் ஹ்யூகோ 1831-இல் வெளியிட்ட நாவலின் தலைவி எசுமரால்டா. இருவரும் ரோமாப் பெண்களாகவே வளர்கின்றனர். அழகும் கற்பும் நற்பண்பும் உடையராய்க் காட்டப்படுகின்றனர். ஆயின், கதைமுடிவை நெருங்குங்கால், இருவரும் பிறப்பால் ரோமா அல்லர் என்பதும், குழவிப் பருவத்திற் களவாடப்பட்ட பிறர் மகளிர் என்பதும் வெளிப்படுகின்றன. மெரிமே 1845-இல் படைத்த கார்மெனோ பிறப்பாலும் அவ்வினத்தவள். அவள் வஞ்சகியாய் வாழ்ந்து கொலையுண்டு மடிகின்றாள். நல்லவள் எனின் அவள் ரோமா அல்லள். ரோமா எனின் அவள் நல்லவள் அல்லள். இம்மூன்று கதைகளையும் ஒருங்கே நோக்குவார்க்கு இவ்வமைப்புப் புலனாகும். வகுப்பறையில் இவற்றைப் பயிலும் ரோமா மாணவி தனக்குரிய இடம் யாதெனக் காண்பாள்? இவ்வினாவே நம் ஆராய்ச்சிக்கு அடிப்படையாகும்.

தமக்கென ஓர் அரங்கு

இவ்வினாவிற்கு விடையாய் எழுந்த அரங்குகள் சில உள. மாஸ்கோவில் 1931-இல் 'ரோமென்' நாடகக் குழு தோன்றியது. பின்னர் ஸ்கோப்யே நகரில் ரகீம் புர்கான் என்பார் 'பிரலிபே' என்னும் குழுவை அமைத்தார். உடன்பிறப்புணர்வு என்பது அப்பெயரின் பொருள். அக்குழு பின் ஜெர்மனியின் மூல்கைம் நகருக்குப் பெயர்ந்து, உலக நாடகங்களை ரோமானி மொழியிலேயே நடித்துக் காட்டியது. புக்கரெசுடு நகரில் 2014-இல் ரோமா நடிகையர் தொடங்கிய குழு 'ஜூவ்லிபென்'. பெண்ணியத்தைக் குறிக்க ரோமானியிற் சொல் இன்மையின், பெண் எனப் பொருள்படும் சொல்லினின்று அவர்களே இப்பெயரை ஆக்கிக்கொண்டனர். வீட்டுமொழி எனத் தாழ்த்தப்பட்டதொரு மொழி, அரங்கின் தேவையாற் புதுச்சொல் ஈனுதல் மொழியறிஞர் உளங்கொளத்தக்கது. புடாபெசுட்டில் 2017 முதல் 'ரோமா வீரர்' என்னும் பெயரால் நாடக விழாவும் நிகழலாயிற்று.

கல்வியில் நேர்ந்த இடர்

அரங்கு கல்விக்குத் துணையாதல் ஏன் வேண்டற்பாலது என்பதை ஒரு வழக்கால் அறியலாம். செக் நாட்டின் ஒசுட்ராவா நகரில் 1996-க்கும் 1999-க்கும் இடையே ரோமா மாணவர் பலர், அறிவு வளர்ச்சி குன்றியோர்க்கென அமைந்த தனிப்பள்ளிகளிற் சேர்க்கப்பட்டனர். பிற சிறுவரினும் ரோமாச் சிறுவர் அப்பள்ளிகளிற் சேர்க்கப்படும் வாய்ப்பு 27 மடங்கு மிகுதி என வழக்காளர் கணக்குக் காட்டினர். பதினெண்மர் தொடுத்த அவ்வழக்கில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு 2007 நவம்பர் 13-இல், அது பாகுபாடே எனத் தீர்ப்பளித்தது. பெற்றோர் ஒப்பமிட்டனர் என்னும் வாதம் ஏற்கப்படவில்லை. பாகுபாட்டிற்கு ஆட்படாதிருக்கும் உரிமையை ஒப்பத்தால் விட்டுக்கொடுத்தல் இயலாது என்பது நீதிமன்றத்தின் கருத்து. தீர்ப்பு உரிமையை நிலைநாட்டிற்று. எனினும், படிவத்தின் முன் அமர்ந்த தாய் வாய்திறந்து வினவுதற்குரிய துணிவைத் தீர்ப்புத் தர இயலாது. அத்துணிவைப் பயிற்றும் இடமாக அரங்கு அமைகின்றது.

மன்ற அரங்கின் இயல்பு

பிரேசில் நாட்டு அகுஸ்தோ போவால் (1931–2009) வகுத்த 'ஒடுக்கப்பட்டோர் அரங்கு' என்னும் நெறியில் 'மன்ற அரங்கு' ஒரு வகை. ஒடுக்கப்பட்டான் ஒருவன் தோல்வியுறுவதாக முடியும் குறுநாடகம் முதலில் நடிக்கப்படும். பின் அதே நாடகம் மீண்டும் தொடங்கும். காண்போருள் எவரும் 'நிறுத்துக' எனக் கூறி மேடையேறி, ஒடுக்கப்பட்டான் இடத்தை ஏற்று வேறு வழியை முயலலாம். ஏனைய நடிகர் தத்தம் பாத்திரத்தினின்று வழுவாது அவரை எதிர்ப்பர். ஒடுக்குவோனை மாற்றி நல்லவனாக்குதல் தீர்வாகாது. ஏனெனில், வாழ்க்கையில் அவன் எளிதில் மாறான்.

மேற்கூறிய சூழலையே எடுத்துக்காட்டாய்க் கற்பித்துக் காண்போம். தேர்வு செக் மொழியில் நிகழ்கின்றது. சிறுவன் வீட்டிற் பேசுவதோ ரோமானி. அலுவலர் படிவத்தை நீட்ட, தாய் ஒப்பமிடுகின்றாள்; நாடகம் முடிகின்றது. மறுமுறை ஒரு மாணவன் மேடையேறிச் சினந்து கூவுகின்றான். அலுவலர் அமைதியாய் அவனை வெளியேற்றுகின்றார். அடுத்து ஒரு மாணவி, தேர்வைச் சிறுவனின் தாய்மொழியில் நடத்துமாறு கேட்கின்றாள். 'விதியில் இடமில்லை' என்னும் விடை வருகின்றது. மூன்றாமவன் படிவத்தைப் படிக்கக் காலம் வேண்டி, அண்டை வீட்டுப் பெற்றோரையும் உடனழைத்து வருகின்றான்; அலுவலர் முதன்முறையாகத் தடுமாறுகின்றார். சினம், கேள்வி, கூட்டுமுயற்சி என்னும் மூன்றன் பயனையும் மாணவர் உடலாலும் குரலாலும் ஆய்ந்து அறிகின்றனர். ஆசிரியர் ஈண்டு விடை தருபவர் அல்லர். வினாவை நிகழ்த்துபவரே ஆவர்.

கொள்ளத்தக்க எச்சரிக்கை

இந்நெறி பிழைபடுதலும் உண்டு. பிறர் இரங்குமாறு தம் புண்களைக் காட்டுக என இளையோரை மேடையேற்றின், பழைய உருவமே புதிய ஆடையில் தோன்றும். ஆடலும் பாடலும் மட்டுமே வேண்டுவார்க்கு இணங்கினும் அதுவே விளையும். உருமேனிய நிலங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்த ரோமா அடிமைமுறையையும், 1944 ஆகஸ்டு 2 இரவு அவுசுவிட்சு முகாமில் நாலாயிரவர்க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டதையும் மேடையேற்றுங்கால், எதனைச் சொல்வது, எதனைச் சொல்லாது விடுவது என்னும் உரிமை அவ்விளையோரிடமே இருத்தல் வேண்டும்.

முடிவுரை

பாடநூலும் பள்ளியமைப்பும் சட்டமும் செய்யவேண்டுவன பல. அரங்கு அவற்றிற்கு ஈடாகாது. ஆயினும், செர்வாண்டிஸ் காலந்தொட்டுப் பிறர் கையிலிருந்த கதைமுடிவு, மன்ற அரங்கில் 'நிறுத்துக' என்னும் ஒரு சொல்லால் இளையோர் கைக்கு வருகின்றது. எனவே, ஒரு நாடக முயற்சி இளையோர்க்கு ஆற்றல் தந்ததா என்பதை அவையோரின் கைதட்டலால் அளத்தல் கூடாது. கதைமுடிவை மாற்றும் உரிமை யார்பால் இருந்தது என்று வினவி அறிதலே தக்கது என்பது நம் துணிபு.