மகள் வீட்டுத் தண்ணீர்க் குடம்

கரிசல் சீமையில் குடியிருப்போருக்குத் தண்ணீரின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் குழாய் வழியே கோவில்பட்டிக்கு வருகின்றது. அது திறந்துவிடப்படும் வேளையில் தெருவே குடங்களுடன் எழுந்து நிற்கும். குடம் சுமப்போர் பெரும்பாலும் பெண்களே. ஆகவே இவ்வூரில் ஒரு பெண்ணுக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்து, ஆறு வாரத்திற்குப் பாரம் தூக்கலாகாது என்று மருத்துவர் சொல்லியனுப்பினால், அவ்வீட்டுத் தண்ணீரை இனி வேறொருவர் தூக்க வேண்டும் என்பதே அதன் பொருள். அந்த வேறொருவர் யார்?

என் மூத்த மகளுக்குச் சென்ற ஆண்டு கருப்பையை அகற்ற நேர்ந்தது. மருமகனார் சவூதியில் வேலை பார்க்கின்றார். என் மனைவிக்கு முழங்கால் நோவு. அடுப்படி வரை நடப்பதே பெரும்பாடு. பேரப் பிள்ளைகள் இருவர். இளையவளுக்கு நான்கு வயது.

மருத்துவமனையில் மூன்றாம் நாள், மகள் ஜன்னல் கம்பியைப் பற்றிக்கொண்டு, நின்றவாறே ளுஹர் தொழுதாள். நெற்றியெல்லாம் வியர்வை. அதைக் கண்டு என் உள்ளம் பூரித்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவ்வழியே வந்த செவிலியர், "உட்கார்ந்து தொழக் கூடாதாம்மா?" என்று கேட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தார். மூலநோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் சாய்ந்து படுத்தும் தொழுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அனுமதி தந்த ஹதீதை முப்பதாண்டுகளாக மாணவர்க்கு ஓதிக் கொடுத்து வருபவன் நான். பெற்ற மகளுக்கு அதைச் சொல்ல எனக்கு நாவெழவில்லை. (காயக் கட்டின் மீது ஈரக் கையால் தடவி உளூச் செய்யும் முறையில் ஹனபி, ஷாபிஈ மத்ஹபுகளிடையே சிறு வேறுபாடு உண்டு. அவரவர் மஹல்லா இமாமிடம் கேட்டுக்கொள்க.)

எட்டயபுரத்தில் அடக்கமாகியிருக்கும் உமறுப் புலவர், தம் சீறாப்புராணத்தில் பாத்திமா நாயகியாரின் திருமணத்தைத் தனிப் படலமாகவே பாடியிருக்கின்றார். நம்மில் பலர், மகளுக்குத் தந்தை ஆற்ற வேண்டிய கடன் அந்தத் திருமணப் படலத்தோடு முடிந்துவிட்டதாக எண்ணி விடுகிறோம். மகள் நோயுற்றால் தாய் போய்ப் பார்ப்பாள். தந்தையோ ஆரஞ்சுப் பழப் பையுடன் வாசற்படியில் நின்று, நலம் விசாரித்துத் திரும்பிவிடுவார். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாகவே இருந்தேன்.

பெருமானாரின் மூத்த மகளார் ஜைனப் (ரலி) அவர்களின் வரலாறு வேறு விதமாக இருக்கின்றது. கி.பி. 624-இல் நடந்த பத்றுப் போருக்குப் பின் அவர்கள் மக்காவை விட்டு மதீனாவுக்குப் புறப்பட்டபோது, எதிரிகள் வழிமறித்தனர். ஹப்பார் என்பவன் ஈட்டியைக் காட்டி அச்சுறுத்தியதில் சூல் கொண்டிருந்த அவர்கள் கருச்சிதைவுற்றார்கள் என்றும், அந்த நோவு கடைசி வரை முற்றும் தீரவில்லை என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுவர். அவர்களுடைய சிறு மகள்தாம் உமாமா. அக்குழந்தையைத் தோளில் சுமந்தபடியே பெருமானார் மக்களுக்கு இமாமாக நின்று தொழுததை அபூ கதாதா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஸஜ்தாவுக்குச் செல்கையில் இறக்கி வைப்பார்கள். எழுகையில் மீண்டும் தூக்கிக்கொள்வார்கள். தொழுகையில் எவ்வளவு அசைவு கூடும் என்னும் சட்டத்திற்கு ஆதாரமாகவே இந்த ஹதீதை நாங்கள் மதரஸாவில் படித்தோம். நோயுற்ற மகளின் பிள்ளையைச் சுமந்த பாட்டனாராக அவர்களை நான் எண்ணிப் பார்த்தது, என் பேத்தி என் முதுகில் ஏறிக்கொண்ட பிறகுதான்.

ஹிஜ்ரி 8-இல் ஜைனப் (ரலி) அவர்கள் மறைந்தபோது, குளிப்பாட்டிய பெண்களுக்கு முறைகளைச் சொல்லிக் கொடுத்து, தம் இடையாடையையே கழற்றித் தந்து, அதை மகளின் உடலை ஒட்டி அணிவிக்கச் சொன்னவர்களும் அந்தத் தந்தையே.

செலவைப் பற்றியும் ஒரு சொல். மருத்துவமனைக் கட்டணம் பிறந்த வீட்டாரதா, புகுந்த வீட்டாரதா என்னும் வழக்கு, நோயாளியின் காதில் விழும்படியே நம் குடும்பங்களில் நடக்கின்றது. பழைய பிக்ஹு நூல்களிற் பல, மருந்துச் செலவைக் கணவன் தர வேண்டிய நபகாவில் சேர்க்கவில்லை. இக்கால உலமாக்களிற் பலர் அதுவும் அவன் கடமையே என்கின்றனர். இரண்டாவது கூற்றே எனக்குச் சரியாகப் படுகின்றது. எனினும் அந்த விவாதத்தை வேறிடத்தில், வேறு நாளில் வைத்துக்கொள்ளலாம். தீப்பெட்டி ஆபீசில் எண்ணிக்கைக் கூலிக்குப் பெட்டி அடைக்கும் பெண்ணுக்கோ ஓய்வென்பதே கூலி இழப்பு. அவளுக்கு உதவுவோர் அந்த வாரக் கூலியையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் நான் இட்டலியைக் கல்லாக்கினேன். பேத்தியின் சடையைக் கோணலாகப் பின்னினேன். புண் ஆறாது என்று சொல்லி முட்டையையும் மீனையும் நிறுத்திய பக்கத்து வீட்டு மூதாட்டியாரிடம், புண் ஆறுவதற்கே புரதம் வேண்டும் என்று மருத்துவர் சொன்னதைப் பணிவுடன் எடுத்துரைத்தேன். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை, மகள் சாப்பிட்டாள்.

தண்ணீர் வந்த இரவில், தலையில் தொப்பியும் தோளில் துண்டுமாகக் குடத்தோடு தெருவில் இறங்கினேன். தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தவர்கள் எழுந்து, "ஹஸரத், நீங்கள் ஏன் தூக்குகிறீர்கள்? கொடுங்கள்" என்றனர். கொடுத்துவிடலாம் என்றுதான் தோன்றிற்று. குழாயடியில் நின்ற பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தனர். ஒன்பது குடம் சுமந்தேன். மறுநாள் ஸுபுஹில் ருகூவுக்குக் குனிந்தபோது முதுகு பிடித்துக்கொண்டது. ஆண்டுதோறும் இதைச் சுமந்தவள் ஒரு நாளும் முதுகு வலி என்று என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை.

ஏழாவது வாரத்தில் மருத்துவர் பரிசோதித்து, இனிச் சிறுகச் சிறுக வேலை செய்யலாம் என்றார். அன்றிரவு தண்ணீர் வந்ததும் மகள் குடத்தை எடுத்தாள். "சின்னக் குடத்தை எடு" என்றேன். பெரியதை நான் எடுத்துக்கொண்டேன். முன்னே டார்ச் விளக்குடன் பேத்தி நடந்தாள்.