மலை மறைக்கும் மழை

ஜூன் மாதம் குமுளியில் குடை இல்லாமல் நடமாட முடியாது. மலைச்சாலையில் இறங்கி லோயர் கேம்ப் வந்தால் சாரலோடு சரி. கூடலூர், கம்பம் தாண்டினால் வெயிலும், ஆளைத் தள்ளும் காற்றும்தான். ஒரே பருவக்காற்று, சில மைல் இடைவெளியில் இரண்டு முகம் காட்டுகிறது.

இப்படிப்பட்ட நிலத்தை ஆங்கிலத்தில் ‘ரெயின்-ஷேடோ’ பகுதி என்பார்கள். மழை, நிழல் என்ற இரண்டு பெயர்ச்சொற்கள் சேர்ந்து, நிலத்துக்கு அடைமொழியாக நிற்கின்றன. வெளிச்சத்தைச் சுவர் மறைத்தால் மறுபக்கம் நிழல் விழுவதுபோல, மழைக்காற்றை மலை மறைக்கிறது என்பது அதன் கருத்து. நம் பாடநூல்களில் அது ‘மழை மறைவுப் பகுதி’.

ஆனால், மலை காற்றை முழுவதுமாகத் தடுத்துவிடுவதில்லை. அரபிக்கடலில் இருந்து ஈரத்தோடு வரும் காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறுகிறது. உயரம் கூடக்கூட அழுத்தம் குறையும். காற்று விரிந்து குளிரும். குளிர்ந்த காற்றில் நீராவி தங்காது. அது மேகமாகி, இடுக்கிப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடுகிறது.

மிச்ச ஈரத்தோடு காற்று மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போதுதான் அடுத்த மாற்றம் நடக்கிறது. இறங்கும் காற்று அழுந்திச் சூடாகிறது. மேகம் கலைந்தபின் 100 மீட்டருக்குச் சுமார் 1 டிகிரி வீதம் வெப்பம் ஏறும். சுமார் 900 மீட்டர் உயரத்துக் குமுளியில் இருந்து 400 மீட்டர் உயரத்துக் கம்பத்துக்கு இறங்குவதற்குள் ஏறத்தாழ 5 டிகிரி கூடிவிடும். சூடான காற்று ஈரத்தைக் கொடுக்காது, இருப்பதையும் உறிஞ்சும். இடுக்கியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. தேனி மாவட்டச் சராசரியோ 1,000 மில்லிமீட்டரைத் தொடாது. இங்குள்ள மானாவாரி நிலங்கள் பெரிதும் நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையை.

அப்படியானால் கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் எப்படி விளைகிறது? மலைக்கு அந்தப் பக்கம் பெய்து மேற்கே ஓடிய பெரியாற்றை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியதால்தான். ஜான் பென்னிகுவிக் தலைமையில் 1887-இல் தொடங்கிய முல்லைப் பெரியாறு அணை வேலை 1895-இல் நிறைவேறியது. அவர் பிறந்த ஜனவரி 15 அன்று இங்குள்ள விவசாயிகள் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். மலை மறைத்த மழை, அதே மலையின் வயிற்றுக்குள் புகுந்து வயலுக்கு வருகிறது. அதில் ஒரு சொட்டையும் வீணாக்காமல் காப்பது நம் கடமை.