உங்களுக்குத் தெரியுமா? கார் டிஸ்க் பிரேக்

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் கார் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம் கீழே வருகிறது. ஆட்களோடு 1,200 கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டால், சுமார் 75 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் வெப்பம் அதில் பிறக்கிறது. காற்றும் என்ஜினும் தாங்கியது போக மிச்சமெல்லாம் பிரேக்கின் தலையில்தான். அதிலும் பெரும்பங்கு முன்சக்கரத்து டிஸ்குகள் இரண்டுக்கும். மலை இறங்கும்போது கியரைக் குறைத்து வைக்கச் சொல்வது என்ஜினையும் இந்தப் பாரத்தில் பங்கெடுக்க வைக்கத்தான்.

கோவை பவுண்டரிகளில் மோட்டார் பம்பின் உடலுக்கு ஊற்றுகிறார்களே, அதே இனத்து வார்ப்பிரும்புதான் கார் டிஸ்க்கும். உள்ளே செதில் செதிலாகக் கிராஃபைட் இருப்பதால் வெப்பத்தை வேகமாகக் கடத்தும், அதிர்வை விழுங்கும். எஃகில் செய்தால் இந்த அளவு அமைதி கிடைக்காது.

டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்தின் ஃபிரடெரிக் லாஞ்செஸ்டர் 1902இல் காப்புரிமை பெற்றார். அன்று அது போட்ட கிறீச்சொலியே அதற்கு எதிரியானது. 1953இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் வென்ற பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. நம் பக்கம், சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962இல் தொடங்கியது.

அவிநாசியிலிருந்து ஆறுவழிச் சாலையில் வேகமாக வந்து, கருமத்தம்பட்டிக்கு இறங்கப் பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறதா? "டிஸ்க் வளைஞ்சிருச்சு" என்பார்கள். பெரும்பாலும் வளைவதில்லை. டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறியிருக்கும், அல்லது டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேடின் பொருள் ஒரு பகுதியில் திட்டாக ஒட்டியிருக்கும். இதன் வேர் பல சமயம் டிஸ்க்கில் இல்லை, அது உட்காரும் ஹப்பில் இருக்கிறது. ஹப் முகத்தில் துருவோ மண்ணோ இருக்க, அதைச் சுரண்டாமல் புது டிஸ்க்கை மாட்டினால் அது மயிரிழை சாய்ந்து உட்காரும். பிரேக் மிதிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடை உரசும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் தேய்ந்துவிடும். நடுக்கம் அப்போதுதான் தொடங்கும். பழி டிஸ்க் கம்பெனிமேல் விழும். டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தால் ஆட்டம் தெரிந்துவிடும். பல கார்களில் 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர் வரைதான் அனுமதி. ஒரு தலைமுடியின் பருமன்! ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கும் சில நிமிட வேலையை விட்டுவிட்டு, ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புது டிஸ்க் வாங்குவது வீண்.

வீல் நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் கண்டபடி இறுக்குவதும் இதே ஆட்டத்தைக் கொண்டுவரும். எதிரெதிர் நட்டாக, டார்க் ரெஞ்சில், அந்தக் காருக்குச் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும்.

டிஸ்க் எவ்வளவு தேயலாம் என்பது பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருக்கும். புதிதில் 20 மி.மீ. இருக்கும் டிஸ்க்குக்கு 18 மி.மீ. கடைசி எல்லையாக இருக்கலாம். காருக்குக் கார் மாறும். விளிம்பில் வரப்பு விழுந்திருக்கும் என்பதால் அங்கே வெர்னியர் வைத்தால் தவறான அளவு வரும். பேடு உரசும் இடத்தில், சுற்றிலும் பல இடங்களில், மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். "அளந்து சொல்லுங்ணா" என்று கேட்பது மெக்கானிக்கைச் சந்தேகப்படுவது ஆகாது. டிஸ்க் போச்சு என்று சொல்பவரிடமும், நல்லாத்தான் இருக்கு என்று சொல்பவரிடமும் அந்த எண்ணைக் கேளுங்கள்.

கோவை வட்டாரத்தில் லேத்துப் பட்டறைக்குப் பஞ்சமில்லை. டிஸ்க்கைக் கடைசல் பிடித்து மறுபடி மாட்டலாம். ஆனால் கடைந்த பிறகும் எல்லை அளவுக்கு மேல் இருக்க வேண்டும், சக்கில் நேராகப் பிடித்திருக்க வேண்டும். சிறிய காருக்குப் புது டிஸ்க்கே மேல் என்பது என் கருத்து. மாற்றினால் ஒரே அச்சின் இரு பக்கமும் சேர்த்து, பேடும் புதிதாக.

புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி அனுப்புவார்கள். பிரேக் கிளீனரால் துடைக்காமல் மாட்டினால் அந்த எண்ணெயைப் புது பேடு குடித்துவிடும்.

மழை பெய்த மறுநாள் காலை டிஸ்க்கில் தெரியும் செம்பழுப்பு நிறம் கோளாறல்ல. நாலு தடவை பிரேக் மிதித்தால் போய்விடும்.

பின்சக்கரத்திலும் டிஸ்க் உள்ள பல கார்களில் ஹேண்ட்பிரேக், பேடுகளை அழுத்தும் கேலிப்பருக்குள்ளேயே இருக்கும். அதன் பிஸ்டனைச் சி-கிளாம்பால் அழுத்தக் கூடாது, திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். கழற்றிய கேலிப்பரைப் பிரேக் ஹோசில் தொங்கவிடவும் கூடாது. ஒரு கம்பியால் கட்டி வைத்தால் போதும்.

கம்ப்ரஸர் காற்றால் பிரேக் தூசியை ஊதுவது இங்கே சாதாரணக் காட்சி. பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அது நுரையீரலுக்கு எமன். பட்டறையில் வேலை பழகும் பையன்கள்தான் அந்தத் தூசியை நாள் முழுக்கச் சுவாசிக்கிறார்கள். ஈரத்துணியோ பிரேக் கிளீனரோ போதும். முதலாளிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறியதும் அது 140 வரை இறங்கலாம். மலையில் ஆயில் கொதித்தால் பெடல் தரைவரை போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

நம் கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஓட்டிய ஃபார்முலா 1 காரில் இருந்தவை கார்பன் டிஸ்குகள். சூடேறினால்தான் அவை ஒழுங்காகப் பிடிக்கும். உங்கள் காரின் இரும்பு டிஸ்க் குளிரிலேயே பிடிக்கும்.

பேடு மாற்றியதும் பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருக்கும். முதல் மிதியில் பெடல் சும்மா கீழே போகும். பட்டறையிலிருந்து வண்டியை நகர்த்தும் முன், பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.