யாரிடமிருந்து ரகசியம்?

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்கு வருகிறவர்களில் ஆராய்ச்சி மாணவர்களும் உண்டு. நோட்டும் செல்போனுமாக வருவார்கள். எந்த வேர் எந்த நோய்க்கு, கட்டவெட்டிச் சாமையை எப்போது விதைப்பது என்று கேட்பார்கள். இங்குள்ள எடப்புளி நாட்டுப் பெரியவர்கள் கேட்டதற்கு மேலேயே சொல்லி அனுப்புவார்கள்.

அந்த நோட்டு பிறகு எங்கே போகிறது? பல்கலைக்கழகமும் மருந்துக் கம்பெனியும் கூட்டாக ஆய்வு செய்தால், தகவல் வெளியே போகக் கூடாதென்று ஒப்பந்தம் போட்டுக்கொள்வது வழக்கம். அதில் தப்பில்லை. ஆனால் அந்தக் காகிதம் கையெழுத்துப் போட்ட இருவரைத்தான் கட்டுப்படுத்தும். மூலிகையைக் காட்டிக் கொடுத்தவர் அதில் இல்லை. அவர் வாயால் சொன்னதே நாளைக்கு அவருக்குக் காட்டக்கூடாத ரகசியமாகிவிடலாம்.

அகத்தியமலையில் வாழும் காணிப் பழங்குடியினர் கதை இதற்கு நல்ல பாடம். 1987-இல் விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டப் போன காணி இளைஞர்கள், களைப்புத் தெரியாமலிருக்க ஒரு காட்டுப்பழத்தைத் தின்றார்கள். ஆரோக்கியப்பச்சை. ஊருக்கு வெளியே சொல்லக் கூடாத சங்கதி, வற்புறுத்தலில் சொல்லிவிட்டார்கள். திருவனந்தபுரத்து ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' மருந்தை உருவாக்கி, 1995-இல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம். இரண்டிலும் பாதி காணிகளுக்கு. உலகமே பாராட்டிய ஏற்பாடுதான். ஆனாலும் எங்களைக் கேட்கவில்லையே என்று காணிகளிலேயே ஒரு பகுதியினர் வருந்தினார்கள். அந்த வருத்தம் நியாயமானது என்பேன். பங்கு பேசியது, ரகசியம் கைமாறிய பிறகு.

புண்ணை ஆற்றும் மஞ்சளுக்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது. 1997-இல் அது ரத்தானது, நம் பழைய நூல்களைச் சான்றாகக் காட்ட முடிந்ததால். வாய்மொழி வைத்தியத்துக்கு அந்தத் துணை இல்லை. நம் காப்புரிமைச் சட்டம் பரவாயில்லை: ஒரு சமூகத்தில் வாய்மொழியாக வழங்கிவரும் அறிவையும் காட்டி ஆட்சேபிக்கலாம்.

பல்லுயிர்ச் சட்டம் 2002, வெளிநாட்டவர் முன் அனுமதி பெற வேண்டுமென்கிறது. உள்நாட்டு ஆராய்ச்சியாளருக்கு வெறும் ஆய்வு என்றால் அந்தக் கட்டாயம் இல்லை. ஓட்டை அங்கேதான். ஆகவே பேச்சு தொடங்கும் முன்பே நாம் கேட்டுவிட வேண்டும்: யார் பணம், யாருக்குப் போகும், விற்றால் எங்களுக்கு என்ன? பதிலை எழுதி வாங்குங்கள். நகல் தராதவரிடம் வேரின் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதன் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதும்போதும், எது வெளியாருக்கு, எது நமக்கு மட்டும் என்று ஊர் கூடி முடிவு செய்யட்டும். பாரம்பரிய அறிவின்மேல் சமூகத்துக்குள்ள உரிமையை வன உரிமைச் சட்டம் 2006-உம் ஒப்புக்கொள்கிறது.

ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதா? அரசுப் பல்கலைக்கழகம் போட்ட ஒப்பந்தத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வணிக ரகசியம் என்று மறுக்கலாம். பொதுநலன் பெரிதென்றால் கொடுத்தாக வேண்டும். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள்.