கிட்னி வருத்தம் உள்ளவர்கள் பன்றிக்கறி வறுவல் சாப்பிடலாமா?



தீபாவளி அன்று ஒரு லயத்து வீட்டிற்குப் போயிருந்தேன். எல்லோரும் பன்றிக்கறி வறுவலோடு சாப்பிட்டுக் கொண்டிருக்க, வீட்டுப் பெரியவர் மட்டும் இஸ்தோப்பில் கஞ்சியும் ஊறுகாயுமாக உட்கார்ந்திருந்தார். "கிட்னி வருத்தம்னு சொன்ன நாள்ல இருந்து கறி, மீன், முட்டை எதையும் தொடுறதில்லைங்க ஐயா. ஒடம்புல பெலனே இல்ல" என்றார்.

பாவம், அவர் விட்டது கறியை. விட வேண்டியது ஊறுகாயை!

நம் கிட்னி உடம்பில் சேரும் கழிவையும், மிஞ்சிய உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது. அது பழுதானால் உப்பு உடம்பிலேயே தங்கி, பிரஷர் ஏறும், கால் வீங்கும், கிட்னி இன்னும் கெடும். இறைச்சியில் உள்ள புரதத்தாலும் கழிவு உண்டாகிறது. அதற்காகப் புரதத்தை அடியோடு நிறுத்தினால் தசை கரைந்து ஆள் மெலிந்துவிடுவார். ஆகவே அளவுதான் முக்கியம்.

டயலிசிஸ் செய்யாதவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் போதும். 50 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 40 கிராம். தீப்பெட்டி அளவு இறைச்சித் துண்டு இரண்டில் ஏறக்குறைய 15 கிராம் இருக்கிறது. மிச்சம் சோறு, ரொட்டி, பருப்பிலிருந்து வந்துவிடும். அன்றைக்கு முட்டை, மீன் வேண்டாம். டயலிசிஸ் செய்பவருக்குப் புரதம் கூடுதலாக வேண்டும். அவர்கள் கிளினிக்கில் கேட்டுக் கொள்ளுங்கள்.

உப்பு, எல்லாச் சாப்பாட்டிலும் சேர்த்து ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டிதான்.

சமைக்கும் முறை:

1. கொழுப்பை வெட்டி நீக்குங்கள். கிட்னி வருத்தக்காரருக்கு இருதய வருத்தமும் சுலபமாக வரும்.

2. துண்டுகளை நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சூப்பாகக் குடிக்கக் கூடாது.

3. மிளகு, இஞ்சி, பூண்டு, கறிவேப்பிலை போட்டு, கொஞ்ச எண்ணெயில் பிரட்டி எடுங்கள். நோயாளியின் பங்கை உப்புப் போடுமுன் தனியாக எடுத்து, சில துளி தேசிக்காய்ப்புளி விட்டால் ருசி குறையாது.

சோயா சோஸ், அஜினமோட்டோ, சூப் கட்டி வேண்டாம். சோயா சோஸ் ஒரு மேசைக்கரண்டியிலேயே அன்றைய உப்பில் பாதியளவு போய்விடும். டவுன் கடை டெவல், சொசேஜஸ், கருவாடு இவற்றையும் தவிருங்கள். உப்புக்குப் பதிலாக விற்கும் பொட்டாசியம் கலந்த உப்பு இவர்களுக்கு ஆபத்து.

இன்னொன்று. இடுப்பு வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோபெனக், இபுபுரோபன் மாத்திரைகள் கிட்னியைக் கெடுக்கும். டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். முகம், கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆரம்பத்தில் இந்த வருத்தம் வெளியே தெரியாது. சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர்கள் வருடம் ஒரு தடவையாவது சிறுநீரும் இரத்தமும் சோதித்துக் கொள்ளுங்கள்.

அந்தப் பெரியவரின் மருமகளுக்கு இதையெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த முறை போனபோது தாத்தாவும் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக் கொண்டிருந்தார். தட்டில் இரண்டு துண்டு. ஊறுகாய்ப் போத்தலைக் காணோம்.